முகம் தெரியாமலே பழகிய ராஜா! மேலப்பாளையத்தைக் கட்டிப்போட்ட கொழும்புக் குரல்

மேலப்பாளையம்,

பீடி சுற்றும் கைக்கு ஓய்வு கிடையாது. ஆனால் காது சும்மாதானே இருக்கும்? மேலப்பாளையத்துப் பெண்களின் அந்தக் காதை 1970-களில் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் உண்டு.

அவர் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, பெரும்பாலோருக்குத் தெரியாது. போட்டோவில்கூடப் பார்த்தது இல்லை. ஆனால் குரல் கேட்டாப் போதும், சின்னப் பிள்ளைகூட பெயரைச் சொல்லிவிடும்.

அவர்தான் கே.எஸ்.ராஜா. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர். லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் 1989-ம் ஆண்டு கொழும்பில் கொல்லப்பட்டார்.

காரைநகர் பிள்ளை

முழுப் பெயர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கத்தில் காரைநகர். கடலுக்கு நடுவே தாம்போதி போட்டு, யாழ்ப்பாணத்தோடு சேர்த்த தீவு அது. அந்த ஊர்க்காரர்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள். இலங்கை முழுக்கக் கடை போட்டவர்கள். ராஜா வியாபாரத்துக்குப் போகவில்லை. மைக்கைப் பிடித்தார்.

அவர் வந்து சேர்ந்த இடம் சாதாரண இடம் அல்ல. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கியது. அதன் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனம். அந்த மனிதர் போட்ட பாதையில்தான் ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் எல்லாரும் வந்தார்கள். இந்திப் பக்கம் அமீன் சயானி எப்படியோ, தமிழ்ப் பக்கம் இவர்கள் அப்படி.

கேஸ்கர் செய்த உதவி!

இங்கே இருந்த ரேடியோவை விட்டுவிட்டு கடல் தாண்டி ஏன் காதைக் கொடுத்தார்கள்? அதற்குக் காரணம் டெல்லி!

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தார் பி.வி.கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதம்தான் சங்கீதம் என்று நினைத்தவர். சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியில் ஓரங்கட்டினார். ஜனங்கள் பேசாமல் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். முள் நின்ற இடம் சிலோன். டெல்லி விழித்துக்கொண்டு விவிதபாரதியைத் தொடங்க 1957 ஆகிவிட்டது. அதற்குள் கொழும்பு வீட்டுக்குள் புகுந்து, பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது.

நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு வசதி. வான்வழியாகப் பார்த்தால் கொழும்பு இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர்தான். சென்னையோ 550 கிலோமீட்டருக்கு மேல். 1963-ல் பாளையங்கோட்டையில் நெல்லை வானொலி நிலையம் வந்தது. மேலப்பாளையத்துக்குக் கூப்பிடு தூரம். அப்படியும் பாட்டு என்றால் சிலோன்தான்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் போஸ்டாபீசில் பணம் கட்டவேண்டும். இந்தச் சட்டம் 1980-களில்தான் ஒழிந்தது. இந்திய சர்க்காருக்குக் காசு கட்டிவிட்டு சிலோன் பாட்டுக் கேட்ட வேடிக்கை இங்கே வீட்டுக்கு வீடு நடந்தது.

மடியில் சுளவு, மாடத்தில் டிரான்சிஸ்டர்

காலையில் பொங்கும் பூம்புனல் இசை கேட்டதும் அடுப்பு வேலையை முடித்துவிட்டு சுளவை எடுத்து மடியில் வைப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி சேர்ப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். வெளியே போக வர முடியாத பெண்களுக்கு சுவரில் இருந்த மாடத்தில் ஒரு டிரான்சிஸ்டர். அதுதான் சினிமா தியேட்டர், அதுதான் பத்திரிகை, அதுதான் துணை.

பேட்டரி தீர்ந்துபோனால் வீட்டில் துட்டு இருக்காது. பழைய பேட்டரியை வெயிலில் காயப்போட்டு மறுபடி செருகுவார்கள். இன்னும் அரைமணி நேரம் பாடும். நோன்பு மாதம் வந்தால் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவைக்குத் தனி மவுசு.

ஆண்களுக்கு டீக்கடை. ராஜா பெரியவரா, ஹமீது பெரியவரா என்று பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். டீக்கு யார் துட்டுக் கொடுப்பது என்ற சண்டை அப்புறம்தான்.

மூச்சு விடாத பேச்சு

ராஜாவின் வேகம் அப்படி. கடகடவென்று கொட்டுவார். ஆனால் ஒரு எழுத்து முழுங்காது. ழகரம் ழகரமாகவே வரும், றகரம் றகரமாகவே வரும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்பது சாதாரண ஆளுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர். ராஜா அதைப் பந்து மாதிரி உருட்டி விடுவார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவில் நின்று அதே மாதிரி சொல்லிப் பார்ப்பார்கள். பாதியில் திக்கும். சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வீடு ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் கூடியிருப்பவர்களை அவர் வணக்கம் சொல்லி அழைக்கிற விதமே தனி. எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

அவரைக் கொடிகட்டிப் பறக்கவிட்டது திரைவிருந்து. சரியாகச் சொன்னால் அது விளம்பரம். புதுப்படம் எடுத்தவர்கள் பணம் கட்டி நேரம் வாங்கி, படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒலிபரப்புவார்கள். அகில இந்திய வானொலியில் விளம்பரம் ஆரம்பித்ததே 1967-ல்தான். அதனால் சென்னைப் படக்கம்பெனிகளுக்கும் கொழும்புதான் கதி.

விளம்பரம் என்றால் யாருக்கும் சலிக்கும். ராஜா சலிக்க விடவில்லை. இவர் ஒரு கேள்வி போடுவார். படத்தில் இருக்கும் கதாபாத்திரம் பதில் சொல்லும். அந்தக் கதாபாத்திரம் ஒன்று கேட்கும். இவர் குறுக்கே புகுந்து குத்தலாக ஏதாவது சொல்வார். வெட்டி ஒட்டிய சுவடே தெரியாது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். வெறும் டேப்பையும் இசைத்தட்டையும் வைத்துக்கொண்டு செய்த வித்தை அது.

சுமாரான படங்கள்கூட அவர் வாயால் கேட்டால் பிரமாதமாகத் தெரியும். நம்பி டவுன் ரத்னாவுக்கும் பார்வதிக்கும் போய் ஏமாந்து வந்தவர்களும் உண்டு. படத்தைத் திட்டுவார்களே தவிர ராஜாவைத் திட்டமாட்டார்கள்.

1983 ஜூலை

அந்த மாதம் கொழும்பு பற்றி எரிந்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தீக்கு இரையாயின. ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

நெல்லையில் ரேடியோ முள் மறுபடி திரும்பியது. இந்தத் தடவை பாட்டுக்காக அல்ல. பி.பி.சி. தமிழோசை என்ன சொல்கிறது, மணிலாவில் இருந்து வெரித்தாஸ் என்ன சொல்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நேற்றுவரை பாட்டு வந்த ஊர் இன்று சாவுச் செய்தி வரும் ஊராகிவிட்டது.

டெலிவிஷனும் வந்தது. 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க, தென்மாவட்டங்களில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஆன்டெனா முளைத்தது. மாடத்து டிரான்சிஸ்டரில் தூசி படிந்தது.

ராஜா கொலை

1989. இலங்கைக்கு மிக மோசமான வருஷங்களில் ஒன்று. வடக்கே இந்திய அமைதிப்படை. தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சி. அதை அடக்குகிறோம் என்று இன்னொரு பக்கம் ஆள் கடத்தல், கொலை. ரோட்டோரத்திலும் கடற்கரையிலும் பிணங்கள் கிடந்த காலம். மைக்கைப் பிடித்தவனுக்கும் பேனா பிடித்தவனுக்கும் பாதுகாப்பு இல்லை. மறு வருஷம் பிப்ரவரியில் ரிச்சர்ட் டி சொய்சா என்ற ஆங்கிலச் செய்தி வாசிப்பாளரைக் கடத்திக் கொன்றார்கள்.

அவருக்கு முன்னாலேயே போய்விட்டார் ராஜா. கொழும்பில் அவரைக் கொன்றுபோட்டார்கள்.

இதே சாவு நெல்லையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. மேலப்பாளையத்தில் ஒரு கடை திறந்திருக்காது. இன்ஸ்பெக்டர் பதில் சொல்லியே ஓய்ந்திருப்பார்.

ஆனால் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே துக்கம் கேட்கப் போக வீடு இல்லை. மாலை போட ஒரு படம்கூட இல்லை. சுளவை மடியில் வைத்தபடியே நாலு பேர் அழுதிருப்பார்கள். ஆயிரம் பீடியை அன்றைக்கும் சுற்றித்தான் கொடுத்திருப்பார்கள்.

செல்போனில் வரும் ராஜா

அந்தப் பழைய வர்த்தக ஒலிபரப்பு இன்று இல்லை. அந்தத் தலைமுறை அறிவிப்பாளர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ராஜேஸ்வரி சண்முகம் 2012-ல் காலமானார்.

அந்தக் காலத்தில் டேப்ரிக்கார்டர் வைத்திருந்த சில புண்ணியவான்கள் ராஜாவின் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் இப்போது யூடியூபில் கிடக்கிறது. எல்லாம் துண்டு துண்டு. இடையில் கரகரப்பு, அலை ஏறி இறங்கும் சத்தம். ராஜா மட்டும் அதே வேகத்தில் பேசுகிறார்.

பாளையங்கால்வாய் தாண்டி மேலப்பாளையம் தெருக்களில் இன்றும் பீடி சுற்றுகிறார்கள். மாடத்தில் இப்போது செல்போன். பேரனிடம் கொடுத்து ராஜாவைத் தேடிப் போடச் சொல்கிற பாட்டிமார் உண்டு. பேரனுக்கு யார் அந்த ராஜா என்று தெரியாது. பெயரைத் தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான்.