இரண்டாம் சரபோஜி

இரண்டாம் சரபோஜி (செப்டம்பர் 24, 1777 - மார்ச் 7, 1832) தஞ்சாவூரை ஆண்ட போன்சலே மராத்திய மரபின் மன்னர்களுள் ஒருவர். 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்தார். இவற்றுள் முதல் ஓராண்டு மட்டுமே இவர் நாட்டை ஆண்டார் எனலாம். 1799 உடன்படிக்கைக்குப் பின் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. மன்னரிடம் எஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும் மட்டுமே. எஞ்சிய காலத்தை இவர் நூல்கள், அச்சு, மருத்துவம், இயற்பியல் கருவிகள், இசை, வரலாறு ஆகியவற்றில் செலவிட்டார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். சரபேந்திரர் என்ற பெயராலும் இலக்கியங்களில் குறிக்கப்படுகிறார்.

இளமையும் அரியணைப் பூசலும்

சரபோஜி பிறந்த காலத்தில் காவிரிப் படுகை செழிப்பான நிலையில் இல்லை. 1781 இல் ஐதர் அலியின் படை தஞ்சை நாட்டிற்குள் புகுந்தது. ஊர்கள் அழிந்தன, விளைச்சல் வீழ்ந்தது, மக்கள் பலர் இடம்பெயர்ந்தனர். அப்போது ஆட்சியில் இருந்த துளஜா மன்னரின் பிள்ளைகள் அவருக்கு முன்பே இறந்துவிட்டனர். எனவே போன்சலே குடும்பத்தின் கிளை ஒன்றிலிருந்து சிறுவன் சரபோஜியை 1787 இல் அவர் தத்தெடுத்தார். அதே ஆண்டில் துளஜாவும் காலமானார்.

துளஜாவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான அமர்சிங் முதலில் பொறுப்பாளராகவும் பின்னர் மன்னராகவும் ஆனார். தத்து செல்லாது என்று சில பண்டிதர்கள் கருத்துத் தெரிவிக்க, சென்னையிலிருந்த கம்பெனி அரசு அதனை ஏற்று அமர்சிங்கை அரியணையில் அமர்த்தியது. சிறுவன் சரபோஜி அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டது போன்ற நிலையில் வாழ்ந்தார். எழுதப் படிக்கக் கற்பிக்கவும் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. இந்நிலையில் இவருக்குத் துணை நின்றவர் செருமானிய லூத்தரன் மதபோதகரான சுவார்ட்ஸ் ஐயர். துளஜா தம் இறுதிக் காலத்தில் சிறுவனை இவரது பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தார். சுவார்ட்சின் முறையீடுகளின் பயனாக 1793 இல் சரபோஜியும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கு கெரிக்கே என்ற மற்றொரு மதபோதகரிடம் சரபோஜி கல்வி பயின்றார். ஐரோப்பிய மொழி நூல்களும் அறிவியலும் இவருக்கு அறிமுகமானது இக்காலத்தில்தான்.

தத்து குறித்து மீண்டும் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இம்முறை தத்து செல்லும் என்று விடை வந்தது. முன்பு செல்லாதிருந்த சாத்திரம் பின்பு செல்லுபடியானதில் கம்பெனியின் விருப்பத்திற்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சூன் 29, 1798 அன்று சரபோஜி முடிசூடினார். அமர்சிங் ஓய்வூதியத்துடன் திருவிடைமருதூரில் தங்கி, அங்கேயே ஒரு சிறு அரசவையை நடத்தி 1802 இல் காலமானார். சுவார்ட்ஸ் இந்த முடிசூட்டு விழாவைக் காணவில்லை; அவர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.

1799 உடன்படிக்கை

அரியணைக்குக் கொடுத்த விலை விரைவிலேயே தெரியவந்தது. அக்டோபர் 25, 1799 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் வரிவசூல், நீதி, காவல் அனைத்தும் கம்பெனியைச் சேர்ந்தன. மன்னருக்கு ஆண்டுதோறும் ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும் நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் என முடிவாயிற்று. தென்னிந்தியாவின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நிலப்பரப்பில் எந்த மதகு எப்போது திறக்க வேண்டும், எந்த ஊருக்கு எவ்வளவு வரி என்பவற்றை முடிவு செய்யும் உரிமை இவருக்கு இல்லாமற் போயிற்று. காவிரியின் நீரைக் கொள்ளிடத்திற்குப் போகாமல் தடுக்க ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது சரபோஜி இறந்த பின் 1836 இல். அதனைக் கட்டியதும் கம்பெனி அரசே.

சரபோஜி விட்டுக்கொடுக்க மறுத்தது சத்திரங்களை. இராமேசுவரம் செல்லும் பெருவழியில் மராத்திய மன்னர்கள் அமைத்த சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்கு உணவும், நோயுற்றோருக்கு மருந்தும், சிறுவர்களுக்குக் கல்வியும் வழங்கப்பட்டன. இவற்றின் நிலங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று இவர் கம்பெனியிடம் வற்புறுத்தினார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் இவர் எழுப்பிய சத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது. முத்தாம்பாள் இவரது முடிசூடிய அரசியல்லர், காதற்கிழத்தி. அவ்வூருக்கு முத்தாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது.

நூலகம்

சரஸ்வதி மகால் நாயக்கர் காலத்திலேயே அரண்மனை நூலகமாக இருந்தது. தெலுங்கு, வடமொழி, தமிழ், மராத்தி ஓலைச் சுவடிகளும் தாட்சுவடிகளும் அங்கிருந்தன. சரபோஜி அதனுடன் ஐரோப்பிய அச்சு நூல்களைச் சேர்த்தார். இவ்வாறு வந்தவை ஏறத்தாழ 4,000 என்பர். தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரின் இங்கிலாந்து திரும்பிய பின், லண்டனில் நூல்களையும் கருவிகளையும் வாங்கிக் கப்பலில் அனுப்பும் பணியை மேற்கொண்டார்.

வந்த நூல்களை மன்னர் அடுக்கி வைத்ததோடு நிற்கவில்லை. பல நூல்களில் இவரது ஆங்கிலக் கையொப்பமும் ஓரக் குறிப்புகளும் காணப்படுகின்றன. சான்சனின் ஆங்கில அகராதி (1784 பதிப்பு), பிரெஞ்சு வேதியியலாளர் இலவாசியேயின் வேதியியல் நூல், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிடும் இலெ புருனின் ஓவியங்கள் ஆகியன இத்தொகுப்பில் உள்ளன. பழைய வேதியியலைப் புரட்டிப்போட்ட இலவாசியே பிரெஞ்சுப் புரட்சியில் 1794 இல் தலை வெட்டுண்டு இறந்தவர். ஒரு தலைமுறை கடப்பதற்குள் அவரது நூல் காவிரிக் கரையில் ஓலைச் சுவடிகளுக்கு அருகே இடம்பெற்றிருந்தது.

1820 இல் மன்னர் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டார். வழியெங்கும் சுவடிகளைத் திரட்டியும் படியெடுக்கச் செய்தும் திரும்பினார்.

கருவிகளும் அச்சுக்கூடமும்

1826 ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்த கல்கத்தா பேராயர் இரெசினால்டு ஈபரும் அவருடன் வந்தோரும் அரண்மனையைப் பற்றிக் குறிப்புகள் எழுதியுள்ளனர். மன்னரின் அறையில் காற்று வெளியேற்றும் பம்பு, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் பொறி, வானியல் கருவிகள், இசைக்கருவிகள், தந்தத்தால் செய்த எலும்புக்கூடு ஆகியவை இருந்ததாக அவற்றால் அறிகிறோம். உடற்கூறு கற்க விரும்பிய மன்னருக்குப் பிணத்தின் எலும்பைத் தொடுவது ஆசாரத்திற்கு ஒவ்வாது. கல்வியையும் ஆசாரத்தையும் கைவிடாமல் இருக்கத் தந்த எலும்புக்கூடு வழி செய்தது.

இலவாசியே, இலின்னேயசு, பூபோன் முதலிய அறிவியலாரைப் பற்றி மன்னர் சரளமாகப் பேசியதும், சேக்சுபியரைப் பற்றி நல்ல கருத்துக் கொண்டிருந்ததும் ஈபருக்கு வியப்பளித்தன. கம்பெனியின் படை அதிகாரிகளோ இவரை நல்ல குதிரையை இனங்காண்பவர், புலி வேட்டையில் குறி தவறாதவர் என்பதற்காக மதித்தனர். தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளி சென்ற ஈபர் ஏப்ரல் 3 அன்று அங்கு நீராடும்போது இறந்தார்.

அச்சுக்கலை தஞ்சை நாட்டிற்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடத்தை 1710களிலேயே நடத்தினார். ஆனால் அது மதபோதகர்களின் அச்சுக்கூடம். சரபோஜி 1805 இல் அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். நவவித்யா கலாநிதி வர்ணயந்திரசாலை என்பது அதன் பெயர். ஈசாப்புக் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பான பாலபோத முக்தாவளி 1806 இல் இங்கு அச்சாயிற்று. இந்திய அரசர் ஒருவர் தம் செலவில் சிறுவர்களுக்கான கதைநூலை அச்சிட்டது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியாகும்.

தன்வந்திரி மகால்

சரபோஜி அமைத்த மருத்துவ நிலையம் தன்வந்திரி மகால் எனப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றில் தேர்ந்தோர் இங்குப் பணிபுரிந்தனர். கைகண்ட மருந்து முறைகளை அவைப்புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். இவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய்வாரியாகச் சரஸ்வதி மகால் நூலகத்தால் பின்னர் பதிப்பிக்கப்பட்டன.

கண் நோயாளிகளைப் பற்றிய பதிவேடுகள் தனிச் சிறப்புடையவை. நோயாளியின் நிலை, கொடுத்த சிகிச்சை, அதன் விளைவு ஆகியவை நாள்வாரியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன. நோயுற்ற கண்ணின் வண்ணப் படங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. மன்னரே கண்புரை அறுவை செய்தார் என்று பரவலாக எழுதப்படுகிறது. ஐரோப்பிய மருத்துவர் ஒருவரின் பங்கும் இவ்வேடுகளில் தெரிவதால், இதனைத் தனியொருவரின் சாதனையாகக் கொள்வது சரியன்று. ஆயினும் ஒவ்வொரு நோயாளியையும் இவ்வாறு பதிந்து வைக்கும் முறை அக்கால இந்திய அரண்மனைகளில் வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

வரலாறும் கலைகளும்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் 1803 இல் சரபோஜி பொறிக்கச் செய்த மராத்திக் கல்வெட்டு போன்சலே மரபின் வரலாற்றைக் கூறுகிறது. போசல வம்ச சரித்திரம் எனப்படும் இது மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்று. நாட்டை ஒப்படைத்த நான்கு ஆண்டுகளுக்குள் தம் குலத்தின் வரலாற்றை இராசராசன் எழுப்பிய கோயிலின் கல்லில் எழுதிவைத்தார் என்பது கருதத்தக்கது. தத்து செல்லுமா என்ற வழக்கில் இளமையைக் கழித்தவருக்குக் குலவரலாறு வெறும் பெருமையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இவர் மராத்தியில் இயற்றிய தேவேந்திரக் குறவஞ்சி, குறவஞ்சி நாடகத்தின் வடிவத்தில் உலகப் புவியியலைக் கற்பிப்பது. மலைவளம் பாடும் குறத்தி இதில் கண்டங்களையும் நாடுகளையும் பாடுகிறாள். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இவரைத் தலைவராக வைத்துப் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டு வந்தது. சுவார்ட்சிடம் உடன் பயின்ற வேதநாயகம் சாத்திரியார் கிறித்தவக் கவிஞர். மன்னரின் ஆதரவு பெற்றவர். பெருவுடையார் மீது பாடுமாறு கேட்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார் எனக் கூறுவர்.

மேலை இசையும் இவரது அவையில் இடம்பெற்றது. அரண்மனையில் மேற்கத்திய இசைக்குழு இருந்தது. சதிர்க் கச்சேரியில் கிளாரினெட் நுழைந்தது தஞ்சையின் வழியாகத்தான். வராகப்பையர் வயலின் பயின்றதும் இவர் காலத்திலாகும்.

மனோரா

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே மல்லிப்பட்டினம் அருகில் கடற்கரையில் நிற்கும் எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம் மனோரா. நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் குறிக்க இதனைச் சரபோஜி கட்டினார். வாட்டர்லூ போரின் நினைவாகக் கட்டப்பட்டது எனப் பலரும் எழுதுவர். அப்போர் நடந்தது 1815 இல். கோபுரத்திலுள்ள கல்வெட்டு குறிப்பிடும் ஆண்டு 1814 ஆகும். தம் ஆட்சியைப் பறித்த கம்பெனியின் வெற்றிக்கு மன்னர் கோபுரம் எழுப்பியதைப் பிற்காலத்தார் சிலர் இகழ்ந்தனர். படையும் வரியும் இல்லாத ஒரு மன்னருக்குக் கம்பெனியின் நட்பைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை என்பதையும் கருத வேண்டும்.

சுவார்ட்ஸ் நினைவுச்சின்னம்

தம் ஆசிரியருக்குச் சரபோஜி செய்த நன்றியை எவரும் குறை கூறியதில்லை. லண்டன் சிற்பி பிளாக்சுமன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் தஞ்சை கிறித்து தேவாலயத்தில் உள்ளது. மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்சின் அருகே மன்னர் நிற்பதாக அச்சிற்பம் அமைந்துள்ளது. சுவார்ட்சின் கல்லறைக்கான ஆங்கிலப் பாடலைச் சரபோஜியே இயற்றினார். இந்து மன்னராகவே வாழ்ந்து பெரிய கோயிலைத் திருப்பணி செய்தவர் ஒரு மதபோதகரைத் தந்தையாகக் கருதினார்.

மறைவும் பின்னரும்

சரபோஜி மார்ச் 7, 1832 அன்று காலமானார். மகன் சிவாஜி அடுத்து அரியணை ஏறினார். 1855 இல் அவர் ஆண் வாரிசின்றி இறக்கவே தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. கம்பெனி அரண்மனையின் தனிச்சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சிபாயி சாகேப் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1859 இல் அத்தீர்ப்பை மாற்றியது. அரசு ஓர் அரசாக எடுத்த செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்பது அதன் முடிவு. பின்னர் 1862 இல் அரசு தன் விருப்பத்தின் பேரில் சொத்துகளைக் குடும்பத்தாரிடம் திருப்பியது.

சரஸ்வதி மகால் 1918 இல் பொது நூலகமாக்கப்பட்டது. மோடி எழுத்திலுள்ள அரண்மனை ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. சத்திரங்களின் அன்றாடச் செலவு, புலவர்களுக்கு அளித்த பரிசு, வாங்கிய பொருள்களின் விலை ஆகியவை இவற்றால் தெரியவருகின்றன. சிற்பி சாண்ட்ரி வடித்த சரபோஜியின் வெண்பளிங்குச் சிலை தஞ்சை அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் உள்ளது.