விதையின் உள்ளறை கண்ட மகேசுவரி

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. அங்குள்ள அருவியில் நீராடி மீள்வோருள் களைப்பாற இளநீர் அருந்துவோர் பலர். மாணவர்களே, அந்நீர் யாருக்காக உண்டாயிற்று என எண்ணிப் பார்த்ததுண்டா? தென்னை அதனை நமக்காகச் சேர்த்து வைக்கவில்லை. காயினுள் வளரவிருக்கும் தன் கருவிற்காகவே சேர்த்தது. நாம் உண்ணும் அரிசியும் பெரும்பாலும் அத்தகைய கருவுணவே.

அரும்பு, போது, மலர், வீ எனப் பூவின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. ஆனால் மலர் வீயாகிப் பிஞ்சு தோன்றும் இடைக்காலத்தில் சூலினுள் நிகழ்வது வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. உருசிய அறிஞர் நவாசின் 1898-ஆம் ஆண்டில் அதனை விளக்கினார். மகரந்தக் குழலின் வழியே ஆண் அணுக்கள் இரண்டு சூலினுள் புகுகின்றன. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடிக் கருவுணவை உண்டாக்குகிறது. கருவியல் என்னும் இத்துறையில் நம் நாட்டிற்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் பஞ்சானன் மகேசுவரி ஆவார்.

இவர் 1904-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் செயப்பூரில் பிறந்தார். தந்தையார் எழுத்தர் பணி புரிந்தவர். அலகாபாத்து யூயிங் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபோது, டட்ஜன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இவருக்கு ஆசானாக வாய்த்தார். அவரோடு காடு மேடுகளில் அலைந்து செடிகளைத் திரட்டினார். 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

தாம் செலுத்த வேண்டிய குருதட்சிணை யாதென இவர் ஒருமுறை ஆசிரியரை வினவினார். தாம் இவருக்குச் செய்ததை இவர் தம் மாணாக்கர்க்குச் செய்தாலே போதும் என்றார் அவர். பொன்னும் பொருளுமாயின் ஒரு நாளிலே கொடுத்துத் தீர்த்துவிடலாம். வாழ்நாள் முழுதும் ஆசிரியத் தொழில் செய்து ஓய்ந்த எனக்கு இதனினும் அரிய தட்சிணை வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆக்கிரா, இலட்சுமணபுரி, டாக்கா ஆகிய நகரங்களில் பணியாற்றியபின், 1949-இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டில் வெளிவந்த இவரது கருவியல் நூல் பல நாட்டு மாணவர்க்கும் பாட நூலாயிற்று.

அந்நாளில் கருவியலார் சூலினை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்பெருக்காடியில் நோக்குவர். அச்சீவல்கள் உயிரற்றவை. ஒரு நொடியில் நின்ற நிலையைக் காட்டுமேயன்றி, அந்நிலை ஏன் உண்டாயிற்று என்பதைக் காட்டா. உயிருள்ள சூலையே தாயினின்று பிரித்து, கண்ணாடிக் குழாயில் உணவூட்டி வளர்த்தாலன்றி அது விளங்காது என்பதை மகேசுவரி உணர்ந்தார். இதுவே திசு வளர்ப்பு முறை. அமெரிக்காவில் ஓவர்பீக் முதலானோர் 1941-இல் ஊமத்தையின் இளங்கருவை வளர்த்தபோது, அதற்கு ஊட்டமளித்தது நம் தேங்காய் நீரே!

வேற்றினச் செடியின் மகரந்தம் சூல்முடியில் வீழினும் பெரும்பாலும் முளைப்பதில்லை. முளைப்பினும் அதன் குழல் சூல்தண்டின் இடையிலேயே நின்றுவிடுவதுண்டு. புதிய பயிர்களைக் கலந்து உண்டாக்க விழைவோர்க்கு இது பெருந்தடை. வாயில் அடைபட்டிருப்பின் சுவரைத் துளைத்துப் புகலாமன்றோ? மகேசுவரியின் மாணவி குசும் காந்தா 1960-இல் கசகசா இனச் செடியொன்றின் சூலகத்தினுள் மகரந்தத்தை ஊசியால் நேரே செலுத்தி விதைகளை விளைவித்தார். பின்னர்ச் சூலகமே வேண்டுவதில்லை எனத் துணிந்தனர். நாம் சமையலுக்கு வாங்கும் கசகசாவைத் தரும் செடியிலிருந்து, மகரந்தச் சேர்க்கை நிகழுமுன்னரே சூல்களைப் பிரித்தெடுத்துக் குழாயிலுள்ள உணவூட்டத்தில் வைத்து, அவற்றின்மேல் மகரந்தத்தைத் தூவினர். அங்கேயே கருவுறுதல் நிகழ்ந்தது, விதைகளும் உருவாயின. 1962-இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரையில் குசும் காந்தாவின் பெயரே முதலில் நிற்கிறது. அடுத்தது அரங்கசாமியின் பெயர். மகேசுவரியின் பெயரோ இறுதியில் உள்ளது.

அத்துறையிலேயே 1964-இல் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. சிப்ரா குகா என்னும் பெண்மணியும், மகேசுவரியின் மைந்தர் சதீசு சந்திராவும் ஊமத்தையின் மகரந்தப் பைகளைக் குழாயில் வளர்த்தனர். மகரந்தத் துகள்களிலிருந்தே இளங்கருக்கள் தோன்றின! தாயின் பங்கின்றித் தோன்றிய இவற்றில் மரபுத் திரிகள் பாதியளவே இருக்கும். அவற்றை இரட்டிப்பாக்கினால் பல தலைமுறைக் காலம் காத்திராமல் தூய வகைகளைப் பெறலாம்.

இலண்டன் அரச கழகம் 1965-இல் மகேசுவரியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இத்தகைய பேரறிஞர் பள்ளிச் சிறார்க்கான உயிரியல் பாட நூலை உருவாக்கும் பணியிலும் உழைத்தார் என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். 1966-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் தில்லியில் அவர் உயிர் நீத்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் சப்பானிய அறிஞர் இருவர், ஊமத்தையில் கண்ட அம்முறையைக் கைக்கொண்டு, நெல்லின் மகரந்தப் பையிலிருந்து நாற்றுகளை உண்டாக்கினர்.