மின்சார மேதையும் ஞானோபதேச வகுப்பும்



கைவிளக்குக்குப் பாட்டரி வாங்கும்போது அதன்மேல் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வோல்ட் என்பது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்த சொல். அந்த மனிதர் நாள்தோறும் திவ்விய பூசை கண்ட கத்தோலிக்கர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அலெஸாந்த்ரோ வோல்ட்டா 1745ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வட இத்தாலியிலுள்ள கொமோ நகரில் பிறந்தார். தகப்பனார் இளமையில் சேசு சபையின் நவசந்நியாசியாக இருந்து, பின்பு இல்லறம் புகுந்தவர். சிற்றப்பன்மார் குருக்கள். உடன்பிறந்தாரிலும் பலர் தேவ ஊழியத்தில் சேர்ந்தார்கள். அலெஸாந்த்ரோவுக்கோ நான்கு வயதுவரை பேச்சே வரவில்லை. பிள்ளை மந்தபுத்தியுள்ளவன் என்று வீட்டார் கலங்கினார்கள். பேசப் பின்தங்கிய பிள்ளையைப் பெற்ற தாய்மார்களே, இதைக் கவனியுங்கள்!

ஏழு வயதளவில் தகப்பனை இழந்த இந்தப் பிள்ளையை, குருவாயிருந்த சிற்றப்பனார் பொறுப்பேற்று வளர்த்தார். சட்டம் படிக்கட்டும் என்று உறவினர் விரும்பினர். அவர் மனமோ மின்சார ஆராய்ச்சியிலேயே நின்றது. 1776இல் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சதுப்பில் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அது எரியும் வாயு என்று காட்டினார். மீத்தேன் என்று நாம் அழைப்பது அதைத்தான். பின்பு பாவியா சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் பொலோஞ்ஞா நகரில் கல்வானி என்னும் வைத்திய நிபுணர் இருந்தார். செத்த தவளையின் காலை இரு வேறு உலோகங்களால் தொட்டால் அது துடிக்கிறது என்று கண்டு, 1791இல் அதை வெளியிட்டார். மின்சாரம் தவளையின் உடலிலேயே இருக்கிறது என்பது அவர் முடிவு. வோல்ட்டா முதலில் அதை ஒப்புக்கொண்டார். பிறகு தாமே சோதித்தார். தகரத்தையும் வெள்ளியையும் தம் நாவிலேயே வைத்துச் சுவைத்துப் பார்த்தார். உலோகங்களின் சேர்க்கையே காரணம், தவளை அதைக் காட்டும் கருவி மாத்திரமே என்று வாதித்தார்.

இருவரும் விசுவாசமுள்ள கத்தோலிக்கர்கள் என்பதை மறவாதீர்கள். ஆராய்ச்சியில் எதிர்க்கட்சி, ஆலயத்தில் ஒரே பந்தி! நெப்போலியன் நிறுவிய புதிய குடியரசுக்குப் பிரமாணம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாததால் கல்வானி தம் பதவியை இழந்து, 1798இல் காலமானார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு என்று பிற்காலத்தார் கண்டார்கள். நம் நரம்புகளில் மின்சாரம் உண்டு. பாட்டரியில் மின்சாரம் பிறப்பதோ இரசாயன மாற்றத்தால்.

வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, இடையில் உப்பு நீரில் நனைத்த அட்டை. இப்படி மாற்றி மாற்றி அடுக்கினார் வோல்ட்டா. அடுக்கிலிருந்து மின்சாரம் இடைவிடாது பாய்ந்தது. உலகின் முதல் பாட்டரி அதுவே. 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதியிட்ட கடிதத்தால் இதை லண்டன் ராயல் சொஸைட்டிக்கு அறிவித்தார். மறு ஆண்டு பாரிஸில் நெப்போலியன் முன் செய்து காட்டினார். 1810இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது.

இத்தனை புகழுக்கிடையிலும் கொமோவில் தம் பங்குக் கோவிலில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர் இவர். படித்தவனுக்கு வேதம் எதற்கு என்று பலர் ஏளனம் பேசிய காலம் அது. இவருடைய பக்தியும் ஊருக்காகப் போடும் வேஷம் என்றார்கள் சிலர். 1814இல் பிளமினியோ என்ற தம் வாலிப மகனைச் சாவுக்குக் கொடுத்தார். மறு ஆண்டிலேயே, குருவானவர் சிச்சேரிக்கு எழுதிய கடிதத்தில் தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். தம் நடத்தையில் குறைகள் உண்டென்று தாழ்மையோடு ஒப்புக்கொண்டார். விசுவாசத்தையோ ஒருநாளும் விட்டதில்லை என்றார். ஆதாரங்களை ஆராய்ந்தும், எதிர்த்து எழுதியவர்களின் நூல்களைப் படித்தும் அதில் உறுதிப்பட்டதாகவும், அது சர்வேசுரன் அளித்த வரம் என்றும் எழுதினார்.

1827ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், 82ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1881இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு மின்னழுத்த அளவுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

பெற்றோரே, கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கும் உங்கள் மகனோ மகளோ விசுவாசத்தைப்பற்றிக் கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். வோல்ட்டாவும் கேட்டார், படித்தார், தெளிந்தார். படித்துப் பட்டம் பெற்ற வாலிபரே, ஞாயிறு ஞானோபதேச வகுப்புக்கு ஆசிரியர் போதவில்லை என்று பங்குச் சுவாமியார் கேட்கும்போது, வேலை அதிகம் என்று சொல்லத் தோன்றும். பாட்டரியைக் கண்டுபிடித்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்ததே!