தாத்தாவின் கட்டிலை விட்டு நகராத சிறுவன்



தாஜ்மகாலைப் படத்திலாவது பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால், சின்ன வகுப்புப் பிள்ளைகூட ஷாஜகான் என்று சொல்லிவிடும். மனைவி மும்தாஜ் இறந்த துக்கத்தில் அதைக் கட்டினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால், ஷாஜகானுக்கு வந்த முதல் பெரிய துக்கம் அது அல்ல. அவருக்குப் பதிமூன்று வயதாக இருந்தபோது, அதாவது உங்களில் எட்டாம் வகுப்பில் படிப்பவர்களின் வயதில், அவரை வளர்த்த தாத்தா இறந்துபோனார். அந்தத் தாத்தா யார் தெரியுமா? அக்பர் சக்கரவர்த்தி!

வரலாற்றுப் புத்தகத்தில் அக்பருக்கு ஒரு பாடம், ஜஹாங்கீருக்கு ஒரு பாடம், ஷாஜகானுக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக இருக்கும். அவர்கள் ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் என்று வாழ்ந்தவர்கள் என்பது நம் நினைவுக்கே வராது. பல வருடம் அந்தப் பாடங்களை நடத்திய எனக்கே வெகு காலம் கழித்துத்தான் அது உறைத்தது.

1592ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் லாகூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பா, அக்பரின் மூத்த மகன் சலீம். இவர்தான் பிற்காலத்தில் ஜஹாங்கீர் ஆனார். அம்மா, ராஜபுத்திர இளவரசி ஜகத் கோசாயின். பேரனுக்குக் குர்ரம் என்று பெயர் வைத்தவர் தாத்தா அக்பர். மகிழ்ச்சி நிறைந்தவன் என்பது அதன் பொருள்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் ஒரு புதுமை நடந்தது. அக்பரின் முதல் மனைவி ருக்கையா சுல்தான் பேகத்துக்குக் குழந்தை இல்லை. அவரிடம் குர்ரமை வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். பெற்ற தாயிடமிருந்து பிரித்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால், அந்தப் பாட்டி, பெற்ற பிள்ளையைவிட அதிகமாகவே அவனை நேசித்தார் என்று ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். இப்படித்தான் குர்ரம் தாத்தா வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தான்.

நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் ஆனதும் அவனுக்குப் படிப்பு தொடங்கியது. அந்தக் காலத்து முகலாயர் வழக்கம் அது. பாரசீகம் நன்றாக வந்தது. பாட்டி பேசிய துருக்கி மொழி மட்டும் ஏறவே இல்லை! பாட்டி எவ்வளவோ முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. தாத்தாவோ எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அவரது நூலகத்தில் 24,000 நூல்கள் இருந்தன. தினமும் ஒருவர் படித்துக் காட்ட, அக்பர் கேட்டுக்கொண்டே இருப்பார். படிக்கத் தெரியாத தாத்தாவும் படிக்கிற பேரனும் ஒரே அரண்மனையில்! பேரப்பிள்ளைகள் பலர் இருந்தும் குர்ரமுக்கு யாரும் ஈடில்லை என்று அக்பர் சொல்வாராம்.

ஆனால், வீட்டில் நிம்மதி இல்லை. 1600ஆம் ஆண்டில் சலீம் தந்தைக்கு எதிராகக் கிளம்பி அலகாபாத்தில் தனி தர்பாரே நடத்தத் தொடங்கினார். 1602இல் அக்பரின் உயிர் நண்பரும் அறிஞருமான அபுல் பசல், சலீமின் தூண்டுதலால் கொல்லப்பட்டார். அக்பரின் மற்ற இரு மகன்களையும் குடிப்பழக்கம் பலி கொண்டது. முராத் 1599இலும் தானியால் 1605இலும் இறந்தார்கள். 1604இல் அக்பரின் தாயார் ஹமீதா பானுவும் காலமானார். அதே ஆண்டில் சலீம் திரும்பி வந்தார். அக்பர் கடுமையாகக் கண்டித்துவிட்டு மன்னித்தார்.

அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சண்டை. நடுவில் நிற்கிறான் ஒரு சிறுவன். அவன் யார் பக்கம் பேசுவான்?

அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1605ஆம் ஆண்டு ஆக்ரா கோட்டையில் ஒரு யானைச் சண்டை. சலீமின் யானை ஒரு பக்கம், சலீமின் மூத்த மகன் குஸ்ரூவின் யானை மறுபக்கம். அக்பர் மாடத்தில் அமர்ந்து பார்க்கிறார், பக்கத்தில் குர்ரம். குஸ்ரூவின் யானை தோற்கும் நிலை வந்ததும், அரண்மனை யானை ஒன்றை உதவிக்கு விட்டார்கள். சலீமின் ஆட்கள் அதைப் பொறுக்காமல் பாகன் மீது கல் எறிந்தார்கள். பாகனுக்கு ரத்தம் வழிந்தது. தம் யானைப்பாகன் மேலேயே கல்லா என்று அக்பருக்குக் கடும் கோபம்! அவர் யாரைத் தூது அனுப்பினார் தெரியுமா? பக்கத்தில் இருந்த குர்ரமைத்தான். அவன் ஓடிப்போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னான். தமக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றார் அப்பா. யானைகளைப் பிரிக்க வாணவெடி கொளுத்தினார்கள், பிரியவில்லை. இரண்டும் யமுனை ஆற்றுக்குள் இறங்கிவிட்டன. கடைசியில் படகுகள் குறுக்கே வந்த பிறகுதான் விலகின. குர்ரம் தாத்தாவிடம் திரும்பி வந்து நடந்ததைச் சொல்லி, அவர் மனத்தைச் சமாதானப்படுத்தினான்.

அந்த நாட்களில்தான் அக்பர் நோயில் விழுந்தார். சீதபேதி. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரைகளாலேயே பெரும்பாலும் குணமாகிவிடும் நோய். அன்று அரண்மனை வைத்தியர் ஹக்கீம் அலியால் அதை நிறுத்த முடியவில்லை. ஐம்பது வருடம் அரசாண்ட மனிதர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார்.

கோட்டைக்குள் வேறொரு பேச்சும் கிளம்பியது. ராஜா மான்சிங் குஸ்ரூவின் தாய்மாமன் முறை. அஜீஸ் கோகா குஸ்ரூவின் மாமனார். இந்த இரு பெரிய பிரபுக்களும், சலீமை விட்டுவிட்டுப் பதினெட்டு வயதுக் குஸ்ரூவை அரியணையில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். தம்மைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று பயந்த சலீம், நோயாளித் தந்தையைப் பார்க்கவே வராமல் தள்ளி இருந்தார்.

யோசித்துப் பாருங்கள். கோட்டையில் எங்கு பார்த்தாலும் எதிர்க் கட்சியின் ஆட்கள். அவர்கள் கவிழ்க்க நினைக்கும் சலீமின் மகன் குர்ரம், அதே கோட்டைக்குள் தன்னந்தனியாகத் தாத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான்! அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு சலீமை மிரட்டலாம். அதைவிட மோசமாகவும் ஏதாவது நடக்கலாம். சலீம் ஆள் மேல் ஆள் அனுப்பி வெளியே வரச் சொன்னார். அவன் அசையவில்லை. கடைசியில் அம்மா ஜகத் கோசாயினே நேரில் வந்து கெஞ்சினார். தாத்தாவின் உடலில் மூச்சு இருக்கும்வரை அவரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தாய் அழுதுகொண்டே திரும்பினார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்மாபுரத்தில் எங்கள் வீட்டில் என்னை வளர்த்தது ஆயாதான். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். எனக்கும் அப்போது பதிமூன்று வயது. ஆயா படுத்த படுக்கையானதும், பிள்ளை பயந்துவிடும் என்று பெரியவர்கள் என்னை விருத்தாசலத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பீங்கான் சாமான்கள் செய்கிற பட்டறைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஆயாவுக்காக ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கினேன். மூன்றாம் நாள் ஊருக்கு வந்தால் திண்ணை காலியாக இருந்தது. எல்லாம் முடிந்திருந்தது. யார் மேலும் தப்பில்லை, என் நல்லதுக்கென்றுதான் செய்தார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் நின்றது இன்னும் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, குர்ரமின் கதையைப் படித்தபோது அவன்மேல் எனக்குச் சற்றுப் பொறாமைகூட வந்தது.

சரி, ஆக்ராவுக்குத் திரும்புவோம். குஸ்ரூவை அரசனாக்கும் திட்டத்தை மற்ற பிரபுக்கள் பலர் ஏற்கவில்லை. தந்தை உயிரோடிருக்க மகனுக்குப் பட்டம் கட்டுவது முறையில்லை என்று அவர்கள் சலீம் பக்கம் நின்றார்கள். அதன் பிறகுதான் சலீம் துணிந்து தந்தையைப் பார்க்க வந்தார். அக்பரால் பேச முடியவில்லை. தலைப்பாகையையும், தம் தந்தை ஹுமாயூனின் வாளையும் சலீம் அணிந்துகொள்ளும்படி சைகை காட்டினார். 1605 அக்டோபர் 27ஆம் நாள் இரவு அக்பரின் மூச்சு நின்றது. வயது 63.

கோட்டைச் சுவரில் ஒரு பகுதியை இடித்து, அந்த வழியாக உடலை வெளியே கொண்டு சென்றார்கள். சலீம் தோள் கொடுத்தார். ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவில் அடக்கம் நடந்தது.

அழுது முடிப்பதற்குள் குர்ரமின் வாழ்க்கையே மாறியது. தாத்தா இல்லாத வீட்டிலிருந்து, பெற்ற தாயின் வீட்டுக்குப் போனான். ஆறு நாள் குழந்தையாகப் பிரிந்தவன், பதிமூன்று வயதில் திரும்புகிறான்! புது வீடு, புது வழக்கங்கள். அப்பா இப்போது சக்கரவர்த்தி ஜஹாங்கீர்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1606 ஏப்ரலில் குஸ்ரூ ஒரு நாள் மாலை குதிரையில் கிளம்பினான். எங்கே என்றதற்குத் தாத்தாவின் சமாதிக்கு என்றான். நம்பினார்கள். அவனோ சிக்கந்தராவைத் தாண்டிப் பஞ்சாபுக்கு ஓடிப் படை திரட்டினான். அவனும் அக்பரின் செல்லப் பேரன்தான். தாத்தாவின் சமாதியைச் சாக்குச் சொல்லிப் போனது என் மனத்துக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆனால், பிடிபட்ட பின் அவனுடைய கண்பார்வையைப் பறித்தார்களே, அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. குஸ்ரூவைத் துரத்திக்கொண்டு ஜஹாங்கீர் போனபோது, தலைநகர் ஆக்ராவின் பொறுப்பை, மூத்த பிரபுக்களின் துணையோடு, பதினான்கு வயதுக் குர்ரமிடம் விட்டுச் சென்றார். துக்கம் ஆறாத பையனுக்கு ஒரு தலைநகரம் காவலுக்கு! அவன் அதைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டான். மறுவருடமே அர்ஜுமந்த் பானு என்ற பெண்ணுக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. 1612இல் திருமணம். அவர்தான் மும்தாஜ்.

இனி அவன் என்று சொல்லக் கூடாது, அவர் என்றே சொல்வோம். 1617இல் தக்காண வெற்றிக்குப் பிறகு தந்தை அவருக்கு ஷாஜகான் என்ற பட்டம் தந்தார். ஆனால் 1622இல் அவரும், தம் அப்பா செய்ததைப் போலவே, அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினார். அதே ஆண்டில் குஸ்ரூ அவருடைய காவலில் இருந்தபோது இறந்தார். அந்த மரணத்தின் பழி ஷாஜகான் மீதுதான் விழுந்தது. பெரிய மனிதர்களின் கதையில் நமக்குப் பிடிக்காத பக்கங்களும் இருக்கும், மறைக்கக் கூடாது.

அந்தக் கலகத்துக்கு அவர் கொடுத்த விலை ஒன்று உண்டு. 1626ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பது வயதைத் தாண்டிய ருக்கையா பாட்டி ஆக்ராவில் காலமானார். அவர் கையில் வளர்ந்த பேரன் அப்போது தொலைதூரத் தக்காணத்தில், அப்பாவோடு இன்னும் சமாதானம் ஆகாதவராக இருந்தார். தாத்தாவை விட்டு நகராதவர், பாட்டியின் அருகில் இருக்க முடியவில்லை. பாட்டியை வெகு தூரத்துக் காபூலில், முப்பாட்டனார் பாபரின் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஷாஜகான் 1628இல் அரியணை ஏறிய பின், அந்தத் தோட்டத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் சிறிய, அழகான மசூதி ஒன்றைக் கட்டினார். அது இன்றும் இருக்கிறது.

1631இல் மும்தாஜ் இறந்ததும், தாஜ்மகால் எழுந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. இரண்டு வருடம் இசை கேட்கவில்லை, வாசனைத் திரவியம் பூசவில்லை, தாடி சீக்கிரமே நரைத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1658இல் மகன் ஔரங்கசீப் ஆட்சியைப் பிடித்து, ஷாஜகானை ஆக்ரா கோட்டையில் சிறை வைத்தார். ஆம், அக்பர் உயிர்விட்ட அதே கோட்டைதான்! பதிமூன்று வயதில் யாரை விட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாரோ, அந்தக் கோட்டையை விட்டு இப்போது நகர முடியாதவராக எட்டு வருடம் கழித்தார். வெளியே போகச் சுதந்திரம் இருந்தும் போகாமல், அவருடனேயே தங்கிவிட்டவர் மகள் ஜஹானாரா.

1666ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷாஜகான் இறந்தபோது கட்டிலருகே ஜஹானாரா இருந்தார். மறுநாள் ஆரவாரம் எதுவும் இல்லாமல், யமுனை ஆற்றின் வழியே படகில் உடலைத் தாஜ்மகாலுக்குக் கொண்டுபோனார்கள்.