கணக்கரின் கணக்கு

2019இல் வெங்காய விலை ஏறியது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் கப்பலேறி வந்தது. விலை ஏறினால் கப்பல் வருகிறது. விலை வீழ்ந்து, ஒட்டன்சத்திரம் சந்தையிலே தக்காளியைக் கொட்டிவிட்டு உழவன் வெறுங்கையோடு திரும்புகிறானே, அன்று அவனுக்காக எது வருகிறது?

இக்கேள்விக்கு விடை தேடியே வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜே.சி.குமரப்பா!

1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தார். இலண்டனில் கணக்குத் துறைப் படிப்பு, பம்பாயில் தொழில், கைநிறைய வருவாய். 1927இல் அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலே இந்தியாவின் பொதுநிதியை ஆராய்ந்தார். உழவனிடம் வரியாகக் கறந்த பணம் எங்கே போயிற்று என்பது விளங்கிற்று. சீமை உடை போயிற்று, கதர் வந்தது.

1929இல் காந்தியடிகளைக் கண்டார். குஜராத்தின் மாத்தர் வட்டத்திலே வறுமையைக் கணக்கெடுத்தார். 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளரானார். 1942 போராட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. அங்கேயும் பேனா ஓயவில்லை. நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் பிறந்தது.

அவர் போட்ட கணக்கு எளியது. வட்டாரத்து நிலம் முதலில் அவ்வட்டார மக்களுக்குத் தானியமும் பருப்பும் காயும் கனியும் தரட்டும். மிஞ்சியது வெளியே போகட்டும். ஓர் இலட்சம் பேருக்கு எதற்கு எவ்வளவு நிலம் என்றும் பட்டியலிட்டார். மலிவுச் சரக்கு யார் வயிற்றில் அடித்து மலிவானது என்று பார்ப்பது, வாங்குபவன் கடமை என்றார்.

கூலிக்காரனுக்கு மலிவான காய் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்! ஆனால் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியைக் கேளுங்கள். வெளியிலிருந்து வந்த மலிவுப் பூட்டு அவன் பட்டறையையே அல்லவா பூட்டிற்று! உழவன் கையில் காசில்லையேல் நம் சரக்கை யார் வாங்குவது?

2001 ஏப்ரலில், எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடும் நீங்கியது. இனி உழவனுக்குக் காவல் சுங்கவரிதான். அறுவடைக் காலத்திலே அந்த வரி உயரட்டும். விலை வீழும்போது அரசே கொள்முதல் செய்யட்டும். விளைந்ததைக் காக்கக் குளிர்பதனக் கிடங்கு எழட்டும்.

கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டியிலே கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் கண்மூடினார். திண்டுக்கல்லும் அன்று மதுரை மாவட்டம்தான். நம் மாவட்டத்து மண்ணில் முடிந்த வாழ்வு அது. அவர் கணக்கை நாம் முடிக்க வேண்டாமா?