வாயில் தட்டிய மூவர்

திருவண்ணாமலையில் ஒருவருக்கு நோய் கடுமையானால், உறவினர் எண்ணம் வேலூர் கிறித்துவ மருத்துவமனையை நாடும். அதனைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு அனைவரும் அறியத்தக்கது என்பது எம் கருத்து.

அவர் 1870இல், கிறித்துவத் தொண்டாற்றிய அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வழியில் செல்ல அவர் விரும்பவில்லை. நோயுற்ற அன்னையைப் பேணுதற்பொருட்டே 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவு, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து வேண்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மூன்றாமவர் வேறொரு வகுப்பினர். மருத்துவரான தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆடவர் பெண்டிரைப் பார்த்தல் தகாதென மூவரும் மறுத்தனர். பொழுது விடிந்தபின் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அவ்விரவு அவருடைய உள்ளத்தை மாற்றிற்று. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் தமிழகம் திரும்பினார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. சாலையோர மரநிழல்களிலும் அவர் நோயாளரைக் கண்டு மருந்தளித்தார். இயேசு பெருமானைப் பின்பற்றுதல் அவருக்குச் சொற்பொழிவன்று; நாள்தோறும் செய்யும் வேலையே ஆயிற்று. 1960இல் கொடைக்கானலில் மறைந்தார்.

வாயில் தட்டிய மூவருள் ஒருவர் நம்மவர் என்பதை நாம் மறத்தலாகாது. பெண்கல்வி இல்லாத சமுதாயத்தில் பெண் மருத்துவர் எங்ஙனம் தோன்றுவர்? மகளை உயர்கல்விக்கு அனுப்பத் தயங்கும் பெரியோர் அவ்விரவை ஒருமுறை நினைந்து பார்ப்பாராக.