கண்ணாடிச் சுவர் கட்டிய காசியப்பன்

தன்னைத் தவிர வேறெவரையும் பொருட்படுத்த இயலாத மனநிலையைத் தன்மோகம் என்பர். நீரில் தெரிந்த தன் முகத்தின் மீதே மையல் கொண்டு மாண்ட நார்சிசஸ் என்னும் இளைஞனின் கிரேக்கப் பழங்கதையிலிருந்தே அதன் மேனாட்டுப் பெயர் பிறந்தது. குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் ஆட்சிபீடங்களிலும் இதன் சாயலை நாம் அன்றாடம் காண்கிறோம். இதனை விளங்கிக்கொள்ள கிரேக்கம் வரை செல்ல வேண்டியதில்லை. சிகிரியாவை ஆண்ட முதலாம் காசியப்பனின் வரலாறே போதுமானதாகும்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனனுக்கு இரு தாயரிடத்துப் பிறந்த மைந்தர் இருவர். முகலனின் தாய் மன்னனுக்கு நிகரான குலத்தவள். காசியப்பனின் தாய் அத்தகையவள் அல்லள். சேனாதிபதி மிகாரன், மன்னனின் சகோதரி மகன். மன்னனின் மகளையே மணந்தவன். அவன் தன் மனைவியைக் குற்றமின்றிச் சாட்டையால் அடித்தபோது, சினங்கொண்ட மன்னன் அவனது தாயை, அதாவது தன் சொந்தச் சகோதரியை, எரித்துக் கொன்றான் எனச் சூளவம்சம் கூறுகிறது. பழிதீர்க்க எண்ணிய மிகாரன், காசியப்பனின் உள்ளத்தில் அரியணை ஆசையை மூட்டினான்.

தந்தை சிறைப்பட்டான். முகலன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான். மறைத்துவைத்த செல்வம் எங்கே எனக் கேட்கப்பட்டபோது, தாதுசேனன் தான் கட்டிய கலாவாவிக்குச் சென்று, நீராடி, அந்த நீரையே தன் செல்வமெனக் காட்டினான். அதன் பின்னர் அவன் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டு உயிரிழந்தான்.

தந்தையைக் கொன்றவனுக்குத் தலைநகரில் நிம்மதி இருக்கவில்லை. தம்பி திரும்பி வருவான் என்ற அச்சத்தால், ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்த சிகிரியாக் குன்றின் உச்சியில், செல்வக் கடவுளான குபேரனைப் போல வாழ அரண்மனை அமைத்தான். அகழிகளும் பூங்காக்களும் ஓவியங்களும் தோன்றின. முகம் தெரியுமளவு மெருகேற்றப்பட்ட சுவரும் எழுந்தது. அவன் புதுப்பித்த விகாரையை ஏற்றால் உலகம் பழிக்குமெனப் பிக்குகள் தயங்கியதால், அதனைப் புத்தர் சிலைக்கே அர்ப்பணித்தான். புகழை உருவாக்க முடிந்தவனால் மன்னிப்பை உருவாக்க முடியவில்லை.

18 ஆண்டுகளின் பின்னர், கி.பி. 495 அளவில், முகலன் படையுடன் வந்தான். போர்க்களத்தில் சதுப்பு நிலத்தைக் கண்ட காசியப்பனின் யானை ஒதுங்கித் திரும்பியது. மன்னன் பின்வாங்குவதாக எண்ணிய சேனை சிதறியது. தனித்து நின்ற அவன் தன் கத்தியாலேயே உயிர் துறந்தான். தம்பியோ அண்ணனுக்குரிய இறுதிச் சடங்குகளைச் செய்து, தலைநகரை மீண்டும் அநுராதபுரத்திற்கு மாற்றி, சிகிரியாவைப் பிக்குகளிடம் ஒப்படைத்தான்.

இக்கதை பிக்குகள் எழுதிவைத்தது. வென்றவரின் பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். 1,500 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவனுக்கு மனநோயென்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. சகோதரியை எரித்த தாதுசேனனும் குற்றமற்றவன் அல்லன். தன் மானமே பெரிதென்ற தந்தையின் சினத்தில் மூண்ட தீயே அவன் மகனிடமும் பற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. குடும்பத்தில் ஒருவரின் அகந்தை அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகிவிடுவது இன்றும் நடப்பதே.

எனினும், தாதுசேனன் நீரில் கண்டது தன் முகத்தையல்ல, பிறரின் வயல்களையே. கலாவாவி இன்றும் விவசாயிகளுக்கு நீர் தருகிறது. காசியப்பனின் கண்ணாடிச் சுவரிலோ பிற்காலத்தில் வந்து சென்றோர் தத்தம் கவிதைகளைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களை பரணவிதான 1956 இல் பதிப்பித்தார். தன் முகத்தைக் காண எழுப்பிய சுவரில் இன்று எஞ்சியிருப்பது பிறரின் குரல்களே. அதிகாரத்தில் இருப்போரும் வீட்டுத் தலைவர்களும் சிந்திக்க வேண்டியது இதுவே எனலாம்.